காணியில்லாத தொழில் முயற்சியாளர்கள்

கொஞ்சக் காலமாகத் தோட்டங்களில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. முயற்சியாண்மை என்பது அந்தச் சொல். கம்பனி நடத்தும் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பிரதேச செயலகத்தில் நடக்கும் செயலமர்வுகளிலும் பேசுகிறார்கள். தோட்டத் தொழிலாளி இனிமேல் நாட்கூலிக்கு நிற்கக் கூடாது, தொழில் முயற்சியாளராக மாற வேண்டும், புதிய முறைகளைக் கையாள வேண்டும், அப்போதுதான் பெருந்தோட்டத்துறை நிலைபேறான அபிவிருத்தி அடையும் என்று நமக்குச் சொல்கிறார்கள்.

இந்த யோசனையைக் கேட்ட உடனேயே தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பரம்பரை பரம்பரையாகப் பேருக்கும் அரைப் பேருக்கும் காத்துக் கிடந்த சமூகம், சொந்தக் காலில் நிற்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் மாதச் சம்பளத் துண்டை வாங்கியதும் பேர் சரியாக விழுந்திருக்கிறதா, எதற்கெல்லாம் கழித்திருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதே பழக்கத்தோடு இந்தச் சொல்லையும் பார்க்க வேண்டும். காணி யார் பெயரில்? கொழுந்துக்கு விலை போடுவது யார்? நட்டம் வந்தால் யார் தலையில்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான், நமக்குத் தருவது முன்னேற்றமா, வெறும் பெயர் மாற்றமா என்பது தெரியும்.

புதிய தொழிலைத் தொடங்குவதும் புதிய முறையைக் கண்டுபிடிப்பதும் மலையகத்துக்குப் புதிதல்ல. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடப்புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் கண்டது. கோப்பி அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. நாட்டைக் காப்பாற்றிய புத்தாக்கம் என்று அதைச் சொல்வதும் சரிதான். ஆனால் அந்த 19 ஏக்கர் ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது எப்படி? காடு வெட்டியவர்கள், கான் வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், பாதை போட்டவர்கள் யார்? அவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை. முயற்சி ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, இலாபம் வேறொருவருடையது என்ற பங்கீடு அன்றே ஆரம்பித்துவிட்டது.

சரி, நிலைபேறான அபிவிருத்தி என்றால் என்ன? 1987இல் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு ஒன்று அதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. இன்றைய தேவையை நிறைவேற்ற வேண்டும், ஆனால் நாளைய தலைமுறையின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது. 2015இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் எட்டாவது, பொருளாதார வளர்ச்சியோடு கண்ணியமான தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மண், நீர், மரம் ஆகியவற்றோடு உழைப்பவருடைய வாழ்வும் நிலைக்க வேண்டும். ஒன்றை அழித்து மற்றதை வளர்த்தால் அதற்கு நிலைபேறு என்று பெயரில்லை.

தேயிலை மண்ணில் இதன் பொருள் என்ன என்பதை நம்மை விட வேறு யாரும் நன்றாக அறிய மாட்டார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதற்கு முன், ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். அதன் பிறகு நட்ட கன்று முழுப் பலன் தர இன்னும் சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை அந்த மலையிலிருந்து வருமானம் இல்லை. இந்தக் காத்திருப்பைத் தாங்குவது யார்? நிலம் தனக்குச் சொந்தம் என்ற உறுதி உள்ளவர் தாங்குவார். நாலைந்து வருடம்தான் கையில் இருக்கும் என்று நினைப்பவர் உரம் குறைப்பார், கான் துப்புரவு செய்யமாட்டார், நிழல் மரம் நடமாட்டார், இருக்கிற கொழுந்தை ஒட்டக் கொய்வார். அது அவருடைய குணத்தின் குற்றமல்ல. உரிமை இல்லாத இடத்தில் யாருமே அப்படித்தான் நடப்பார்கள்.

பராமரிப்பு இல்லாமல் விடுபட்ட மலைச் சரிவின் கீழே நமது லயங்கள் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களும் மண்ணுக்குள் போன காலையை நாம் மறக்கவில்லை. கான் துப்புரவும் மரம் வளர்ப்பும் அழகுக்குச் செய்கிற வேலைகளல்ல. அவை நம் உயிரைக் காக்கிற வேலைகள்.

மேலிருந்து உத்தரவாக வருகிற புத்தாக்கம் எப்படி முடியும் என்பதை 2021இல் பார்த்தோம். ஒரே இரவில் நாடு முழுதும் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். மண்ணை வளப்படுத்தும் எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் மண்ணில் வேலை செய்கிற யாரிடமும் கேட்கவில்லை, மாற்று உரம் தயாராக இருக்கவில்லை, படிப்படியாகவும் செய்யவில்லை. சில மாதங்களில் தடையைத் தளர்த்தினார்கள் என்றாலும் தேயிலை அதற்குள் அடி வாங்கிவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. அந்த இறக்கம் புள்ளிவிபர ஏட்டில் ஒரு கோடு. நமக்கு அது மலையில் கொழுந்து இல்லாமல் அரைப் பேரோடு வீடு திரும்பிய நாட்கள்.

இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு, இன்று பேசப்படும் வருமானப் பங்கீட்டு முறைக்கு வருவோம். வெளியார் உற்பத்தி முறை, அவுட்குரோவர் என்றும் இதைச் சொல்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் விபரம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று தேயிலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பராமரிப்பதும் கொழுந்து கொய்வதும் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தைக் கம்பனியின் ஸ்டோருக்கே கொடுக்க வேண்டும். உரம், மருந்து போன்றவற்றின் செலவைக் கழித்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வரும்.

இதில் நல்ல பக்கமும் உண்டு. நேரம் நம் கையில் இருக்கும். கங்காணி பின்னால் நின்று விரட்டமாட்டார். குடும்பமாகச் சேர்ந்து உழைக்கலாம். நன்றாகப் பராமரித்த துண்டில் நாட்கூலியை விடக் கூடுதலாக எடுக்கவும் முடியும். ஆனால் தொழிலாளி என்ற பெயர் போகும்போது கூடவே என்னென்ன போகும் என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். அந்தச் சம்பளத்துக்கு மேலதிகமாக, ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தொழில் கொள்வோர் கட்ட வேண்டும். நாளொன்றுக்கு 202 ரூபா 50 சதம். 25 நாள் வேலை செய்தால் மாதம் 5,062 ரூபா 50 சதம். சேவைக்காலப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாட் சம்பளம், அதாவது 18,900 ரூபா. 20 வருடம் வேலை செய்தவருக்கு அது 3 இலட்சத்து 78 ஆயிரம் ரூபா. இதற்கு மேல் 84 நாள் பிரசவ விடுமுறை இருக்கிறது, வேலையில் காயம்பட்டால் நட்டஈடு இருக்கிறது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் தொழிலாளியாக இருந்தால் கேட்பதற்குச் சட்டம் உண்டு. அவரே முயற்சியாளர் என்றால் யாரிடம் கேட்பார்? கிலோவுக்கு வரும் காசு கூடத் தெரியலாம். அந்தக் கூடுதலுக்குள் இவை எல்லாம் அடங்குகின்றனவா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

விலையையும் பார்ப்போம். சிறுதோட்டக்காரர்கள் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் கொழுந்துக்கு நாட்டில் ஒரு சூத்திரம் நடைமுறையில் இருந்து வருகிறது. விற்ற தேயிலையின் நிகர சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். உதாரணத்துக்கு, கிலோ 1,000 ரூபாவுக்கு விலை போனால் 680 ரூபா கொழுந்துக்காரருக்கு. அதை நாலரையால் பிரித்தால் ஒரு கிலோ கொழுந்துக்குச் சுமார் 151 ரூபா. அவர் தனது செலவை அதிலிருந்து பார்த்துக்கொள்வார். வருமானப் பங்கீடு என்று நம்மிடம் வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் சிறுதோட்டக்காரருக்கு ஒரு விலை, தோட்டத்துக்குள் இருக்கும் முயற்சியாளருக்கு இன்னொரு விலை என்றால், அந்த வித்தியாசம் எங்கே போகிறது?

இந்த இடத்தில்தான் காணிப் பிரச்சினை வருகிறது. இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்டங்களிலிருந்தே வருகிறது. நாட்டின் தேயிலையில் உண்மையான முயற்சியாண்மை வெற்றி அதுதான். அவர்கள் நம்மை விடத் திறமைசாலிகள் என்பதால் அது நடக்கவில்லை. அவர்களுக்கு உறுதியோ உத்தரவுப் பத்திரமோ உள்ள காணி இருந்தது. அதைக் காட்டி மீள்நடுகை மானியம் பெற்றார்கள். வங்கிக் கடன் எடுத்தார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவர்களுக்கென்றே ஓர் அதிகார சபையும் உருவானது. அதே காலத்தில் நம் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 1948இல் பறிபோன பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. நாட்டில் காணி பங்கிடப்பட்ட காலத்தில் நாம் வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

இதுவரை கிடைத்த காணி என்ன? பல வீட்டுத் திட்டங்களில் கொடுத்தது 7 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்று கணக்கிட்டால், இது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துண்டில் வீடு கட்டலாம், நாலு கத்தரிச் செடி வைக்கலாம். தொழில் நடத்த முடியாது. கம்பனிகளும் நிலத்தின் சொந்தக்காரர்கள் அல்லர். 1992 முதல் அரசிடமிருந்து 53 வருடக் குத்தகையில் வைத்திருக்கிறார்கள், அது 2045இல் முடிகிறது. தன்னிடம் இல்லாத உரிமையைக் கம்பனி நமக்கு எப்படித் தர முடியும்? காணி உரிமை அரசிடம் கேட்க வேண்டியது. கம்பனியோடு செய்யும் ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது.

வேறு இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. கென்யாவில் சுமார் 6 இலட்சம் சிறு தேயிலை விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து, தங்கள் கொழுந்தை அரைக்கும் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே பங்குதாரர்களாக இருக்கிறார்கள். மாதா மாதம் கொழுந்துக்குக் காசு வருகிறது. வருட முடிவில் தேயிலை விற்ற விலையைப் பொறுத்து இரண்டாவது கொடுப்பனவும் வருகிறது. தேயிலையின் விலை கூடினால் அதில் ஒரு பங்கு மலை வரைக்கும் ஏறி வருகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

இன்னொரு அனுபவம் கேரளாவின் மூணாறு. அங்கே கொழுந்து கொய்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள், நம்மைப் போன்றவர்கள். 2005இல் டாட்டா டீ கம்பனி அந்தத் தோட்டங்களைப் புதிதாக அமைந்த கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியிடம் கொடுத்தது. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் பெயருக்கு வந்தன. தொழிலாளரே முதலாளி என்று உலகம் புகழ்ந்தது. பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், 20 வீதமாக இருந்த போனஸ் 10 வீதமாகக் குறைந்தபோது, அதே பங்குதாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு இறங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் அவர்கள் நடத்திய போராட்டம் கம்பனியை மட்டும் கேள்வி கேட்கவில்லை, தொழிற்சங்கத் தலைமைகளையும் கேட்டது. பங்குப் பத்திரம் கையில் இருந்தும், முடிவெடுக்கும் மேசையில் அந்தப் பெண்களுக்கு இடமில்லாமல் இருந்தது. சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் நாமும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பாடம் இது. நம் தோட்டங்களில் கொழுந்து கொய்வது பெண்கள். தோட்டக் கமிட்டியில் எத்தனை பெண்கள் தலைவிகளாக இருக்கிறார்கள்?

தேயிலைக்கு வெளியே வீட்டில் செய்யும் சிறு தொழில்களிலும் நம் பெண்கள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். மாடு வளர்ப்பு, காளான், மரக்கறி நாற்று, தையல், பலகாரம் என்று கையில் தொழில் இருக்கிறது. முதல்தான் இல்லை. காணி உறுதி இல்லாததால் வங்கி கடன் தருவதில்லை. ஆகவே நுண்கடன் காரர் வாசலுக்கு வருகிறார். அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமைத் தவணை என்கிறார்கள். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்குச் சுமார் 1,192 ரூபா. ஆறு மாதத்தில் நீங்கள் முதலில் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் கடைசிக் கிழமை வரை வட்டி முழு 50,000க்கும் போகிறது. உண்மையில் நீங்கள் கொடுக்கும் வட்டி 40 வீதத்துக்கும் மேல். எந்தக் காளான் கொட்டகை அப்படி ஓர் இலாபத்தைத் தரும்? தொழிலுக்கு என்று எடுத்த கடன், முந்தைய கடனின் தவணைக்குப் போய்ச் சேர்வதைத்தான் லயத்துக்கு லயம் பார்க்கிறோம்.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலங்கைக் கிராமங்களில் இயங்கி வந்திருக்கின்றன. அங்கத்தவர்களின் சிறு சேமிப்பு, அங்கத்தவர்களுக்கே கடன், வட்டியும் அங்கத்தவர்களுக்கே. பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் பெயருக்கு இருக்கிறது. அதைக் கூட்டி, கணக்கைச் சரிபார்த்து, பெண்களை நிர்வாகத்துக்குக் கொண்டு வந்தால் அதுவே நல்ல தொடக்கம். பத்து மாடுகள் பத்து வீட்டில் தனித்தனியாக இருந்தால் பால்காரர் சொல்வதுதான் விலை. பத்து வீடும் சேர்ந்து ஒரே இடத்தில் பால் கொடுத்தால் விலை பேசலாம், தீவனத்தை மொத்தமாக வாங்கலாம், சாணத்தைக் கூட்டுரமாக்கி விற்கலாம். மண்ணுக்கும் நல்லது, கைக்கும் காசு. நிலைபேறான முயற்சி என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தரம் முடித்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போகிற பிள்ளைகள், அங்கே கணக்கு, கொள்வனவு, வாடிக்கையாளரோடு பேசும் மூன்று மொழி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, பிறருடைய வியாபாரத்தை வளர்த்துக் கொடுக்கிறார்கள். திறமை நம்மிடம் இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் கடைகளைக் காட்டலாம். ஊரில் தொழில் தொடங்க இடமும் முதலும் இல்லாததால்தான் அந்தத் திறமை பஸ் ஏறிப் போகிறது.

ஆகவே தோழர்களே, தோட்டத்தில் யாராவது புதிய முறை என்று ஒப்பந்தத்தோடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா, ஒரு பிரதி என் கையில் தருவீர்களா? இரண்டு, எத்தனை வருடத்துக்கு, இடையில் நிறுத்தினால் நான் வளர்த்த செடிக்கு என்ன நட்டஈடு? மூன்று, கொழுந்து விலை எந்தச் சூத்திரத்தின்படி, தராசையும் கழிவையும் யார் சரிபார்ப்பார்? நான்கு, சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், பணிக்கொடை, பிரசவ உரிமை தொடருமா, எழுத்தில் இருக்கிறதா? ஐந்து, வறட்சி, நோய், விலை வீழ்ச்சி வந்தால் நட்டத்தை யார் எப்படிப் பகிர்வது? பதில் வாயால் மட்டும் வந்தால் கையெழுத்து வேண்டாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடமோ சங்கக் காரியாலயத்துக்கோ வாருங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். லயம் முழுதும் கூடிப் பேசிய பிறகு போடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் தெளிவானது. கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை நிலங்களை, பயிர் செய்யப் போதுமான அளவில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியோடு தோட்டக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுதோட்டக்காரருக்குக் கிடைக்கும் மானியமும் ஆலோசனையும் நமக்கும் கிடைக்க வேண்டும். வருமானப் பங்கீட்டு முறை எங்கே நடந்தாலும் அது கூட்டாகப் பேசி, சட்டத்தின் பாதுகாப்போடு நடக்க வேண்டும். அதுவரை நாட்சம்பளமும் அதோடு வரும் உரிமைகளும் ஒரு சதம் கூடக் குறையக் கூடாது.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் வாசித்துப் பேசுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் ஏற்கனவே செடி பிரித்துக் கொடுத்திருந்தால், எத்தனை செடி, கிலோவுக்கு என்ன விலை, எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியாகக் கிடக்கும் கணக்குகளை ஒரே ஏட்டில் சேர்த்த பிறகுதான் பேச்சுவார்த்தை மேசையில் நாம் உறுதியாகப் பேச முடியும்.